வேண்டுதல் சாட்சியாகுமா?
கிரஹாம் கிறீனின் நாவலொன்றை முன்வைத்து

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிறீன் 1951 இல் வெளியிட்ட ‘த எண்ட் ஒஃப் த அஃபெயர்’ என்ற நாவலைப் பற்றிச் சில அபிப்பிராயங்களை இன்று உங்கள் முன் வைக்கிறேன். ‘ஓர் உறவின் முடிவு’ என்று தமிழில் சொல்லிக்கொள்வோம். கிறீனை நம்மவர்கள் ‘த பவர் அண்ட் த குளோறி’ வாயிலாகவே கூடுதலாக அறிவர். அதிலுள்ள பரந்த களம் இந்த நாவலில் இல்லை. இலண்டனில் ஒரு வட்டாரம், நாலைந்து பாத்திரங்கள், ஓயாத மழை, அவ்வளவுதான். இதனை நான் மூன்று தடவை வாசித்திருக்கிறேன். மூன்றாவது தடவை வாசித்ததற்கு இலக்கிய ஈடுபாடு மட்டும் காரணமல்ல. அதைப் பின்னர் சொல்கிறேன்.

கதை இதுதான். பென்றிக்ஸ் ஒரு நாவலாசிரியன். சாரா ஓர் உயர் அரசாங்க உத்தியோகத்தரின் மனைவி. இருவருக்கும் இடையில் யுத்த காலத்தில் கள்ள உறவு ஏற்படுகிறது. 1944 ஜூன் மாதம், ஜேர்மனியரின் ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் இலண்டனில் விழுந்துகொண்டிருந்த நாட்களில், இருவரும் பென்றிக்ஸின் அறையில் இருக்கிறார்கள். வீட்டுக்காரியைப் பார்த்து வர அவன் கீழே இறங்குகிறான். குண்டு விழுகிறது. கீழே வந்த சாரா, பெயர்ந்து விழுந்த கதவின் கீழ் அவனைக் காண்கிறாள். இறந்துவிட்டான் என்றே எண்ணுகிறாள். மேலே போய் முழந்தாளிட்டு, தான் நம்பாத கடவுளிடம் மன்றாடுகிறாள். அவன் உயிரோடிருந்தால் உன்னை நம்புவேன், அவனை என்றென்றைக்கும் விட்டுவிடுவேன் என்பது அவளது வாக்கு. சற்று நேரத்தில் பென்றிக்ஸ் வாசலில் வந்து நிற்கிறான்.

அன்றே உறவு முடிந்துவிடுகிறது. ஏன் விட்டுப் போனாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஈராண்டளவில் பொறாமையில் வெந்து, துப்பறிவாளன் ஒருவனை அமர்த்தி அவளது நாட்குறிப்பைக் களவாக எடுப்பித்து வாசிக்கும்போதுதான் தெரியவருகிறது. தனக்குப் போட்டியாக இன்னொருவன் இருக்கிறான் என்று எண்ணியிருந்தவனுக்கு அந்த இன்னொருவன் கடவுள் என்று தெரிகிறது.

நேர்த்தி வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் நேர்த்திகளில் கேட்பது ஒன்று, கொடுப்பது வேறொன்று. பிள்ளைக்குச் சுகம் வந்தால் காவடி, வழக்கு வென்றால் அன்னதானம். சாரா கேட்டதும் கொடுத்ததும் ஒன்றே. அவனது உயிரைக் கேட்டாள். அவனையே கொடுத்தாள். இதனால்தான் அந்த வாக்கிலிருந்து தப்புவதற்கு வழி தேடுகிறாள். ஸ்மைத் என்றொரு பகுத்தறிவுவாதி பொதுவெளியில் நின்று கடவுள் இல்லை என்று பிரசங்கம் செய்கிறவன். அவனது ஒரு கன்னத்தில் சிவந்த பிறவி மறு. சாரா அவனிடம் போய் வருகிறாள். கடவுள் இல்லையென்று அவன் நிரூபித்துவிட்டால் கொடுத்த வாக்குச் செல்லாது அல்லவா? கடவுள் உண்டென்பதற்கு ஆதாரம் தேடுவோரைக் கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டு ஒரு பெண் வீடு தேடிப் போவது, நானறிந்த மட்டில், அபூர்வம்.

பென்றிக்ஸ் உயிர்த்தெழவில்லை, மயக்கம் தெளிந்து எழுந்தான் என்று வாசகர் சொல்லலாம். கிறீன் அதற்கு இடம் விட்டிருக்கிறார். இங்கேதான் பழைய கேள்வி வருகிறது. வேண்டினேன், கிடைத்தது, ஆகவே தந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்வது சாட்சியமா?

இதற்கு நானறிந்த மிகப் பழைய மறுப்பு உரோம அறிஞர் சிசெரோ கடவுளரின் இயல்பு பற்றி எழுதிய நூலில் உள்ளது. டயகோறஸ் என்ற கிரேக்க நாத்திகன் சமொத்திறேஸ் தீவுக்குப் போகிறான். கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் நேர்ந்து மாட்டிய படங்களைக் காட்டி, இத்தனை பேர் காப்பாற்றப்பட்டதைப் பார்த்த பின்னுமா நம்பமாட்டாய் என்கிறான் நண்பன். கப்பலோடு மூழ்கிப்போனவர்களின் படம் எங்கும் மாட்டப்படுவதில்லையே என்பது டயகோறஸின் பதில். பிரான்சிஸ் பேக்கனும் 1620 இல் வெளியிட்ட தமது நூலில், மனித மனம் தனக்குச் சாதகமானதை மட்டும் எண்ணிக் கணக்கு வைக்கிறது என்பதற்கு இந்தக் கதையையே எடுத்துக் காட்டினார்.

இளமையில் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அம்மாவை மடக்குவதற்கு இதனைப் பல தடவை பயன்படுத்தியிருக்கிறேன். மூழ்கியவரின் வீடு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்று அப்போது தெரியாது.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்ததை நேயர்கள் அறிவீர்கள். நாங்களும் செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போய், 1996 சித்திரையில் திரும்பி வந்தவர்கள். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமற்போயினர். மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்த விடயம் இது. அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் காலை என் தம்பியும் அடுத்த வீட்டு மாமியின் மகனும் ஒரே நேரத்தில் சைக்கிளில் புறப்பட்டார்கள். வேறு வேறு அலுவல். இரவு இருவரும் வரவில்லை.

மறுநாள் விடியற்காலை அம்மாவும் மாமியும் நல்லூருக்குப் போனார்கள். இருவரும் ஒரே நேர்த்தி வைத்தார்கள். பிள்ளை திரும்பி வந்தால் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுத்து அடியழிப்பது. பின்னேரம் எங்கள் வீட்டுச் சுவாமி அறையில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அலரி ஒன்று, சிவப்பு அலரி ஒன்று. இரண்டையும் பூவரசம் இலையில் தனித்தனியே பொதிந்து படத்துக்கு முன்னால் வைத்து, ஏழு வயதுத் தங்கையை ஒன்று எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் பிள்ளை உயிரோடிருக்கிறான். சிவப்பு வந்தால் என்ன என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பிக்கு வெள்ளை வந்தது. திரும்பப் பொதிந்து வைத்தார்கள். மாமியின் மகனுக்கும் வெள்ளை வந்தது. மாமி அந்தப் பூவை இலையோடு முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

நான் அப்போது கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவையும் வெள்ளை வருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் வெள்ளை வரவேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் மாலை தம்பி வந்தான். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் அலைந்து திரிந்து, இவன் என்னிடம் படித்த பிள்ளை என்று பொறுப்பெடுத்துக் கூட்டி வந்தார். மாமியின் மகனைப் பற்றியும் அவர் விசாரித்திருந்தார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். இன்று வரையில் அதுதான் பதில்.

தம்பியைக் கொண்டுவந்தவர் அதிபர்தானே என்று நான் அம்மாவிடம் கேட்டேன். “அவரை ஆர் அனுப்பினது?” என்றார் அம்மா. இந்த விடைக்கு எதிர்விடை இல்லை. அதுவே அதன் குறைபாடும் ஆகும். அதிபர் வராமல் விட்டிருந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கத்தைச் சாட்சியம் என்று கொள்ள முடியாது என்றே அன்று எண்ணினேன். இன்றும் அந்த அபிப்பிராயத்தை மாற்றவில்லை.

எண்ணிப் பார்த்தே தீர்ப்போம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. பிரான்சிஸ் கால்ற்றன் 1872 இல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் அரச குடும்பத்தவரின் நீண்ட ஆயுளுக்காக ஊரெல்லாம் தேவாலயங்களில் மன்றாடுகிறார்கள். ஆனால் வசதி படைத்த வகுப்பார் எல்லாரிலும் குறைந்த ஆயுள் அரச குடும்பத்தவருக்கே என்று அட்டவணை போட்டுக் காட்டினார். நம் காலத்தில், 2006 இல், ஹேர்பேர்ட் பென்சன் என்ற அமெரிக்க வைத்தியரும் அவரது குழுவினரும் ஆறு வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட 1802 நோயாளரைக் கொண்டு ஆராய்ந்த முடிவை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் சிலருக்காகப் பிரார்த்தித்தார்கள், சிலருக்காகப் பிரார்த்திக்கவில்லை. தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா என்று தெரியாதிருந்தவர்களிடையே வேறுபாடு காணப்படவில்லை: 52 வீதத்தினருக்கும் 51 வீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 வீதத்தினருக்குச் சிக்கல்! இத்தனை பேர் மன்றாடும் அளவுக்கு என் நிலைமை மோசமோ என்ற பயமாக இருக்கலாம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். இந்த ஆராய்ச்சியில் ஒரு வில்லங்கம் உண்டு. எவரும் பிரார்த்திக்காத நோயாளர் என்று ஒரு தொகுதியைப் பிரித்தாலும், அவர்களுடைய தாய்மார் சும்மா இருந்திருப்பார்களா?

எங்கள் இலக்கிய மரபுக்கு வருவோம். பெரிய புராணத்தில் இருவகையான கதைகளும் இருக்கின்றன. மதுரையில் சம்பந்தர் ஏட்டுக்கட்டை அவிழ்த்துப் பார்க்க, திருநள்ளாற்றுப் பதிகம் கைக்கு வருகிறது. அந்த ஏட்டைத் தீயில் இட, அது எரியாமல் பச்சையாகவே இருக்கிறது. எதிரணியாரின் ஏடு எரிந்துபோகிறது. அரசன் முன்னிலையில், நடுவர் பார்க்க, வெற்றி தோல்வியோடு முடிகிற நிரூபணம் அது. சுந்தரர் கதை வேறுமாதிரி. சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிப் புறப்பட்டவருக்குக் கண் போகிறது. திருவெண்பாக்கத்தில் வந்து கண் கேட்கிறார். கிடைத்ததோ ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் ஒரு கண் வருகிறது. மற்றக் கண் திருவாரூரில். இடையில் அவர் இறைவனோடு போடும் சண்டையைப் பதிகங்களில் காணலாம். கண் கேட்டவனுக்குக் கோல் கொடுத்தால், கேட்டது கிடைத்தது என்று எழுதுவதா, கிடைக்கவில்லை என்று எழுதுவதா? கால்ற்றன் தம் அட்டவணையில் எந்த நிரலில் போடுவார்? சம்பந்தர் கதையைக் காட்டிலும் சுந்தரர் கதைதான் எனக்கு நெருக்கமாகப் படுகிறது. அங்கே வேண்டுதல் வாதத்துக்கு வந்த சாட்சி அல்ல. இருவருக்கிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல், கோபதாபம்.

மீண்டும் எங்கள் வேலிக்கு வருகிறேன். தம்பி வந்து சில கிழமைகளில் கொழும்பிலிருந்து உறவினர் ஒருவர் பார்க்க வந்தார். அம்மா முற்றத்தில் இருந்து நடந்ததையெல்லாம் சொன்னார். நல்லூருக்குப் போனது, பூ எடுத்தது, மூன்றாம் நாள் பிள்ளை படலையைத் திறந்துகொண்டு வந்தது. “கந்தன் தந்த பிள்ளை” என்று முடித்தார். உறவினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலிப் பொட்டுக்கு அந்தப் பக்கம் மாமி நின்றதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை.

“பிள்ளை, நானும் அவனிட்டைத்தானே கேட்டனான். என்ரை நேர்த்தியிலை என்ன குறை?”

கோபமாகக் கேட்கவில்லை. கறிக்கு உப்புக் காணாதா என்று கேட்பது போல, விளங்கிக்கொள்ளும் ஆசையோடு கேட்டார். அம்மா எழும்பி நின்றார். ஒரு சொல்லும் வரவில்லை. நாத்திகம் பேசுகிற என்னிடமும் ஒரு சொல் இல்லை. டயகோறஸின் பதில் எனக்குப் பாடம். ஆனால் அது மூழ்கியவரைச் சுட்டிக்காட்டி, தப்பியவரிடம் சொல்கிற பதில். மூழ்கியவரின் தாயிடம் போய்ச் சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? மாமிக்குக் கடவுள் உண்டா இல்லையா என்பது பிரச்சினையே அல்ல. எங்கள் முற்றத்தில் சொல்லப்பட்ட கதை உண்மையானால், தன்னிடம் ஏதோ பிழை இருக்கவேண்டும். அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பிறகு அம்மா அந்தக் கதையை எவருக்கும் சொன்னதை நான் கேட்டதில்லை. நம்பிக்கை போய்விட்டது என்று எண்ணவேண்டாம். வெள்ளி தவறாமல் நல்லூருக்குப் போய்வந்தார். ஆனால் அந்த ஆண்டுத் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுக்கவில்லை. அக்காவின் பிள்ளையும் வரட்டும், சேர்ந்து செய்வோம் என்று ஒத்திவைத்தார். 1997 இல் மாமிதான் வந்து, கடனை வைத்திருக்காதே என்றார். தேரன்று காலையில் பார்த்தால் அவர் கையிலும் ஒரு சட்டி. அம்மா திகைத்துப்போனார். “வைச்சது வைச்சதுதானே” என்றார் மாமி. இருவரும் முன்பின்னாகச் சட்டி ஏந்திப் போனார்கள். அடியழித்தார்கள். கற்பூரம் எரிகிற சட்டியின் சூட்டை வேப்பிலை முழுக்கத் தடுப்பதில்லை. இருவர் கையும் கொப்பளித்திருந்தது.

மாமிக்கு அந்த வெள்ளைப் பூ என்ன செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவிப்பணம் கிடைக்கும் என்று பலர் எடுத்துச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. பூ வெள்ளைதானே வந்தது என்பார். மகனுக்கு என்று வைத்திருந்த காணித்துண்டை விற்கவில்லை. கடைசி மகள் கனடாவுக்கு அழைத்தபோதும், அவன் வந்தால் வீடு பூட்டியிருக்குமே என்று சொல்லி மறுத்துவிட்டார். தம்பியின் பூவை நாங்கள் அடுத்த நாளே மறந்துபோனோம். பிள்ளை வந்துவிட்டான், பூ எதற்கு? அதே பூ அடுத்த வீட்டில் இருபத்து மூன்று வருடம் ஒரு மனுஷியை அந்தப் படலையோடு கட்டி வைத்திருந்தது. அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு ஒரு காலத்தில் முடிந்திருக்கும். அந்தப் பூ இல்லாதிருந்தால் அவர் அத்தனை காலம் இருந்திருப்பாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அம்மா 2014 இல் காலமானார். மாமி 2019 இல். மாமியின் சுவாமிப் படத்துக்குப் பின்னால் அந்தப் பொதி இருந்தது. இலை தூளாகிவிட்டிருந்தது.

அந்தச் செத்தவீடு முடிந்து கொழும்பு திரும்பிய பின்னர்தான் கிறீனின் நாவலை மூன்றாவது தடவை எடுத்தேன். முன்னர் வாசித்தபோது எனக்கு உறுத்தலாக இருந்தது அதன் கடைசிப் பகுதி. சாரா நோயுற்று இறந்துபோகிறாள். அதன் பின் சில சம்பவங்கள் நிகழ்கின்றன. துப்பறிவாளன் பார்க்கிஸின் சிறுவனுக்குக் கடும் வயிற்றுவலி. கனவில் சாரா வந்து தொடுகிறாள். சத்திரசிகிச்சை இல்லாமலே சுகமாகிவிடுகிறது. நாத்திகப் பிரசங்கி ஸ்மைத்தின் கன்னத்தில் இருந்த பிறவி மறு மறைந்துபோகிறது. சாராவின் மன்றாட்டுக்குப் பின் வந்த இருதலை வேதனையை அவ்வளவு நுட்பமாக எழுதிய கிறீன், கடைசியில் சாட்சிகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றுகிறாரே என்று விமர்சகர் பலர் குறைப்பட்டார்கள். எனக்கும் அதே குறைதான்.

ஆனால் கிறீன் தாமே இதனை உணர்ந்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன். 1980 இல் வெளிவந்த ‘வேய்ஸ் ஒஃப் எஸ்கேப்’ என்ற தன்வரலாற்று நூலில் இதுபற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பிறவி மறுவுக்கு நாவலில் இடமிருந்திருக்கக் கூடாது; அற்புதம் என்று சொல்லப்படுகிற ஒவ்வொன்றுக்கும் இயல்பான விளக்கம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது அவரது கருத்து. வெறுமனே வருத்தப்பட்டதோடு விடவுமில்லை. பிந்திய பதிப்பில் பிறவி மறுவை எடுத்துவிட்டு, நரம்புக் கோளாற்றினால் வரக்கூடிய ஒரு தோல் நோயாக மாற்றினார். அப்படியான நோய் மனம் ஆறினாலும் மாறக்கூடியது.

கிறீன் கத்தோலிக்கர். அற்புதத்துக்குச் சாட்சியம் கூட்டவேண்டியவர் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் குறைத்தார். பிறவி மறு அழிந்தால் வாசகருக்கு வேறு வழியில்லை. பென்றிக்ஸ் கடவுளை வெறுப்பதற்கும், சாரா வாக்கைக் காப்பாற்றுவதற்கும் அப்போது பெரிய அர்த்தமும் இல்லை. கலை நுணுக்கம் கருதிய திருத்தம் என்றே விமர்சகர்கள் இதைப் பார்ப்பார்கள். நான் மூன்றாம் முறை வாசித்தபோது, உறவினர்கள் வந்தால் முற்றத்தில் தேத்தண்ணீரை வைத்துவிட்டு வேறு கதை கதைத்த அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

தம்பி இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அவனுடைய பிள்ளைகளுக்கு இந்த விடயம் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று சென்ற ஆண்டு தொலைபேசியில் என்னிடம் கேட்டான். சொல்வதானால் மாமியின் மகனையும் சேர்த்துச் சொல் என்றேன்.

இந்த நாவலைத் தேடி வாசிக்க விரும்பும் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூலகங்களில் இரு பாடங்களும் கிடைக்கக்கூடும். ஸ்மைத் முதன்முதல் வரும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். கன்னத்தில் பிறவி மறு என்றிருந்தால் அது பழைய பாடம். தோல் நோய் என்றிருந்தால் திருத்திய பாடம். தமிழில் எவரேனும் மொழிபெயர்க்க முன்வந்தால், திருத்திய பாடத்தை எடுக்கும்படியே நான் கேட்டுக்கொள்வேன்.